இருபத்து மூன்று வண்டிக்கு ஒரு ரிஃப்ளெக்டர்

ஜூன் 5, வியாழன்

தங்கை மாப்பிள்ளையின் மோட்டார் சைக்கிள் எஃப்.சி. பாஸ். பதினைந்து வருஷம் முடிந்த வண்டி, ஓட்டத் தகுதிதான் என்று ஆர்.டி.ஓ. சான்று கொடுத்தாயிற்று. இனி ஐந்து வருஷத்துக்குக் கவலையில்லை.

காலை ஏழு மணிக்கே என் மெக்கானிக் கடையைத் திறந்து செட்டை மாட்டினேன். எனக்குப் பிறகு யாராவது இந்த டைரியைப் புரட்டினால் செட் என்றால் என்னவென்று விளங்காது, அதனால் எழுதி வைக்கிறேன். அது ஒரு பழைய பிஸ்கட் டின். உள்ளே இரண்டு கண்ணாடி, ஒரு ஹாரன், ஒரு சாரி கார்டு, நம்பர் பிளேட்டுக்குக் கீழே மாட்டும் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒன்று. எல்லாம் கம்பெனி சாமான். எங்கள் கருக்கம்பாளையம் பிரிவில் யார் எஃப்.சி. காட்டப் போனாலும், வண்டியில் இல்லாததை இந்த டின்னிலிருந்து மாட்டிக்கொண்டு போவார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டதும் நேராகக் கடைக்கு வந்து கழற்றிக் கொடுத்துவிடுவார்கள். வாடகை கிடையாது. கல்யாணத்துக்கு இரவல் நகை போட்டுக்கொண்டு போவது மாதிரிதான். இந்த ஏற்பாட்டை நான் ஆரம்பித்தபோது ஊரே பாராட்டியது. மூளைக்காரன் என்று பெயர்.

இன்ஸ்பெக்டர் புதிதாக வந்த அம்மா. செந்தாமரை என்று பெயர். வண்டியை ஒருதரம் சுற்றி வந்தார், பிரேக் போட்டுக் காட்டச் சொன்னார், பின்னால் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

கடைக்கு வந்ததும் எல்லாவற்றையும் கழற்றி டின்னில் போட்டேன். மாப்பிள்ளை டீ குடித்துக்கொண்டே ஏதோ சொன்னார். வேறு வண்டிக்காரர் அவசரப்படுத்தியதால் சரியாகக் காதில் விழவில்லை.

ஜூன் 9, திங்கள்

கடை திறக்கவில்லை. நேற்று சாயங்காலம் மாப்பிள்ளையை லாரி பின்னாலிருந்து இடித்துவிட்டது. உயிர் இருக்கிறது. உயிர் இருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

நேற்று முழுக்கப் பெரியாஸ்பத்திரியில். இன்றும் போய்வந்தேன்.

மாப்பிள்ளை நாச்சிமுத்து என் தங்கை சிவகாமியின் வீட்டுக்காரர். கல்யாணச் சமையல்காரர். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்தை முடித்துக்கொண்டு, கரண்டிகளைப் பின் லைட் மறைகிற மாதிரி வண்டிக்குப் பின்னால் கட்டி, ஏழு மணி வாக்கில் திருப்பூர் ரோட்டில் வந்துகொண்டிருந்தார். தூறல் வேறு. பிரிவுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் இடி. வலது தொடை எலும்பு இரண்டாகிவிட்டது. பிளேட் வைத்திருக்கிறார்கள். எழுந்து நிற்க இரண்டு மாதம், அண்டா பக்கம் நிற்க அதற்கு மேலும் ஆகுமாம்.

சிவகாமி அழுது முடித்து, இப்போது நன்றி சொல்ல ஆரம்பித்திருக்கிறாள். அவள் சுபாவம் அப்படி. ஆம்புலன்ஸ் தம்பிக்கு நன்றி, ரத்தம் கொடுத்த காலேஜ் பையன்களுக்கு நன்றி, ரோட்டில் சிதறின கரண்டிகளைப் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுத்த இளநீர்க்காரருக்கு நன்றி. வரிசையில் நானும் இருந்தேன்.

"அண்ணா, நீங்க எஃப்.சி. முடிச்சுக் குடுத்தது எங்க புண்ணியமுங்க. மூணு நாள் தள்ளிப் போயிருந்தா நஷ்டஈட்டுக் கேஸே நிக்காதுன்னு ஸ்டேஷன்ல சொன்னாங்க" என்றாள்.

இட்லி வாங்கி வருகிறேன் என்று கீழே இறங்கிவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

லாரி டிரைவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். மாயழகு என்று பெயர், உசிலம்பட்டிப் பக்கம். அடிப்பார்களோ என்று பயந்து, சாத்துக்குடிப் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வார்டு வாசலிலேயே நின்றார். சிவகாமிதான் உள்ளே கூப்பிட்டாள். நிறுத்தாமல் போயிருந்தால் யார் கேட்டிருப்பார்கள், நிறுத்தி ஆம்புலன்சுக்கும் போன் பண்ணினாரே என்று அவருக்கும் ஒரு நன்றி.

மாப்பிள்ளை தூக்கத்தில் இருந்தார். நானும் மாயழகும் வராண்டாவில் உட்கார்ந்தோம். நான் எதுவும் கேட்கவில்லை, அவரே சொன்னார்.

"எதிர்ல பஸ்ஸு லைட்டுண்ணே. கண்ணு கூசிப்போச்சு. முன்னால வண்டி போறதே எனக்குத் தெரியல. திடீர்னு எதோ பளிச்சுனு மின்னுச்சு. என்னனு யோசிக்கல, பிரேக்க மிதிச்சுட்டேன். அப்பறம் எறங்கிப் பாத்தா ஜல்லிக்கரண்டி. அது மட்டும் இல்லேனா ஆளு மேலயே ஏத்தியிருப்பேன்."

சிவகாமி தேய்த்த கரண்டி. விசேஷம் முடிந்து வந்தால் சாம்பல் போட்டு முகம் தெரிகிற வரைக்கும் தேய்ப்பாள். அந்தக் கரண்டிக்குத்தான் முதல் நன்றி சொல்ல வேண்டும்.

பஸ் ஏறும்போது மாயழகு இன்னொன்றும் சொன்னார். வண்டி இன்னும் கொஞ்சம் முன்னாலேயே தெரிந்திருந்தால் ஒதுங்கிப் போயிருப்பாராம்.

ஜூன் 13, வெள்ளி

கார்பரேட்டர் கழுவல் இரண்டு. ஒரு செயின் செட். எஃப்.சி.க்குச் செட் கேட்டு ஒருவர் வந்தார். டின் சாவியைக் காணோம் என்று சொல்லி அனுப்பினேன். டின்னுக்குச் சாவியே கிடையாது.

ஜூன் 17, செவ்வாய்

விபத்தில் சிக்கின வண்டியைப் பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டும். ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் காலியிடத்தில் வண்டி கிடக்கிறது. வந்தது அதே செந்தாமரை மேடம். வண்டியைத் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

டயர், பிரேக், ஹெட்லைட் எல்லாம் பார்த்து எழுதினார். பின்னால் வந்து குனிந்தார். நம்பர் பிளேட் வளைந்திருந்தது. அதன் கீழே தகட்டில் போல்ட் மாட்டும் இரண்டு ஓட்டை, கொஞ்சம்கூடக் கிழியாமல் சுத்தமாக இருந்தது.

"இங்க ரிஃப்ளெக்டர் இருந்துச்சே. நானே பாத்துக் கையெழுத்துப் போட்டேன். இடிச்சப்ப விழுந்துருச்சா?"

"ஆமாங்க மேடம்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பேனாவை மூடிவிட்டு, மாப்பிள்ளையிடமும் கேட்டு எழுத வேண்டும், எந்த வார்டு என்று விசாரித்துக்கொண்டு போனார்.

ஜூன் 18, புதன்

மூன்று பஞ்சர். ஒரு கிளட்ச் ஒயர்.

ஜூன் 20, வெள்ளி

எழுதிவிடுகிறேன். பொய்யை டைரியிலுமா எழுதுவது.

மாப்பிள்ளை அன்று சொன்னது எனக்கு நன்றாகவே காதில் விழுந்தது. டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "மச்சான், புதுசு வாங்கற வரைக்கும் இந்தச் சிவப்பு மட்டும் இருக்கட்டுமுங்களே. ஞாயித்துக்கெழம இருட்டுல வரோணும்" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். அவருக்கு வேறு மாதிரி கேட்கவும் தெரியாது. வெள்ளிக்கிழமை எஃப்.சி.க்கு இன்னொரு வண்டி நிற்கிறது, நாலு நாளில் புதுசு மாட்டித் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டே நான் ஸ்பேனரைப் போட்டுக் கழற்றினேன்.

வெள்ளிக்கிழமை அந்த வண்டி வரவேயில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் ரிஃப்ளெக்டர் டின்னுக்குள் பத்திரமாக இருந்தது. ஸ்பேர் பார்ட்ஸ் கடை என் கடையிலிருந்து நாலாவது கடை. எழுந்து போக எனக்குச் சோம்பல், அவ்வளவுதான்.

செட்டைப் பற்றி முதல் பக்கத்தில் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். மூளைக்காரனாம். கையெழுத்துப் போடுகிற அந்தப் பத்து நிமிஷத்துக்குத்தான் ரிஃப்ளெக்டர் என்று இத்தனை வருஷமாக நானும் நம்பி, ஊரையும் நம்ப வைத்திருக்கிறேன்.

ஜூன் 21, சனி

சிவகாமி சாப்பாடு எடுக்க வீட்டுக்குப் போன நேரமாகப் பார்த்து மாப்பிள்ளையிடம் போனேன். வாயைத் திறப்பதற்குள் அவர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். மேடம் வியாழக்கிழமை வந்து விசாரித்தார்களாம். ரிஃப்ளெக்டரைத் தானேதான் கழற்றினதாகவும், கரண்டிக் கட்டு அதில் உரசிக்கொண்டே இருந்ததாகவும் அவர் எழுதிக் கொடுத்துவிட்டார். கையெழுத்தும் போட்டாயிற்று.

அப்படி எழுதிக் கொடுத்தால் தப்பில் பாதி அவர் தலையில் ஏறும், கேஸ் பலவீனமாகிவிடும் என்று நஷ்டஈட்டுக்குப் பார்த்த வக்கீல் சொன்னது அவருக்கும் தெரியும். ஏன் மாப்பிள்ளை இப்படிப் பண்ணினீர்கள் என்று கேட்டேன்.

"அவளுக்குத் தெரிஞ்சா உங்ககூடப் பேச மாட்டாளுங்க. பொறந்த வீடுன்னு அவளுக்கு நீங்க ஒருத்தர்தான். எலும்பு மூணு மாசத்துல கூடிரும் மச்சான். இது உட்டுப் போச்சுன்னா கூடாதுங்க."

சொல்லிவிட்டு, நேற்றிரவு டிபனுக்கு வார்டில் கொடுத்த உப்புமாவில் கடுகு பொரியவே இல்லை என்று குறைப்பட ஆரம்பித்தார். நான் அந்த மனுஷனின் கட்டுப் போடாத காலைக் கொஞ்ச நேரம் பிடித்துவிட்டேன். வேண்டாம் என்று கூச்சப்பட்டார். விடவில்லை.

இப்படி ஒரு மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வாய்த்ததற்கு என்ன புண்ணியம் பண்ணினோமோ. ஆனால் அவர் கொடுத்த கையெழுத்தின் நிழலில் நான் ஒளிந்துகொள்ள முடியாது.

ஜூன் 23, திங்கள்

டின்னைத் தூக்கிக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீஸ் போனேன். செந்தாமரை மேடம் மேஜை மேலே வைத்துத் திறந்து காட்டினேன். நான் சொன்னது பொய், மாப்பிள்ளை எழுதிக் கொடுத்ததும் பொய், கழற்றினது நான்தான், அவர் வேண்டாமென்று சொல்லியும் கழற்றினேன் என்றேன்.

மேடம் ரிஃப்ளெக்டரை எடுத்துத் திருப்பினார். ஓரத்தில் சொட்டுப் பச்சைப் பெயிண்ட் காய்ந்திருக்கும். எப்போதோ கடைக் கதவுக்குப் பெயிண்ட் அடித்தபோது பட்டது.

"இந்தப் பச்சைப் பொட்ட நாலு வண்டியில பாத்தேங்க. நான் வந்தே ரெண்டு மாசம்தான். ஒரே கடை சாமானு சுத்தி வருதுன்னு புரிஞ்சுது. உங்க மாப்பிள்ள வண்டியிலயும் பாத்தேன். அடுத்த வாரம் புடிச்சுக்கலாம்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

அந்த அம்மாவுக்கும் தூக்கம் இல்லை போலிருக்கிறது, கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

பிறகு வெள்ளைத் தாளை நகர்த்தி நடந்ததை எழுதித் தரச் சொன்னார். என் வாக்குமூலத்தோடு அறிக்கையைத் திருத்தி மேலே அனுப்புவாராம். தான் கவனித்தும் பிடிக்காமல் விட்டதையும் சேர்த்தே எழுதப்போவதாகச் சொன்னார். இதனால் எனக்கு என்ன வரும், அவருக்கு என்ன வரும் என்று அவருக்கே தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான். இதுவரை செட் மாட்டி எஃப்.சி. வாங்கி, இன்னும் ரிஃப்ளெக்டர் இல்லாமல் ஓடுகிற அத்தனை வண்டியையும் கணக்கெடுத்து, சொந்த ரிஃப்ளெக்டர் மாட்டி, இரண்டு வாரத்துக்குள் ஆர்.டி.ஓ. மைதானத்தில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். இருபத்து மூன்று வண்டி.

ஜூன் 24, செவ்வாய்

வேறு யார் வாயாலாவது கேட்பதற்கு முன்னால் சிவகாமியிடம் நானே சொல்லிவிட வேண்டும் என்று போனேன். ஆஸ்பத்திரிக் குழாயடியில் சாப்பாட்டுத் தூக்குப்போசி கழுவிக்கொண்டிருந்தாள். அம்மிணி என்று கூப்பிட்டு, பக்கத்தில் நின்றபடியே சொன்னேன். எதையும் குறைக்கவில்லை. மாப்பிள்ளை கேட்டதையும் நான் மறுத்ததையும் சொன்னேன்.

குழாயை மூடினாள். தண்ணீரை உதறினாள்.

"அன்னைக்கு நான் உங்களுக்கு நன்றி சொன்னப்ப நின்னு கேட்டுட்டுத்தான் இருந்தீங்க."

"ஆமா" என்றேன்.

"போங்க" என்றாள்.

வந்துவிட்டேன். சுமை இறங்கின மாதிரி இருக்கும் என்று சொல்வார்கள். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை.

ஜூன் 29, ஞாயிறு

ஐந்து நாளாக வீடு வீடாக அலைகிறேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இருந்த ரிஃப்ளெக்டர் தீர்ந்து, மேலும் ஒரு பெட்டி கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்தேன். பாதிப் பேர், "எஃப்.சி.தான் முடிஞ்சுதேங்க, இன்னும் எதுக்கு?" என்கிறார்கள். இந்தக் கேள்வியை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான், யாரைக் கோபிப்பது. ஒரு வாத்தியார் வண்டியில் ரிஃப்ளெக்டர் இடத்தில் முருகன் ஸ்டிக்கர். முருகனைக் கழற்ற மாட்டேன் என்று பிடிவாதம். முருகனை மட்கார்டுக்குக் குடியேற்றி வைத்தேன்.

விஷயம் தெரிந்த பிறகு எல்லோரும் திட்டுவார்கள் என்று நினைத்தேன். இரண்டு பேர் திட்டினார்கள். மற்றவர்கள் உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள். பால்காரர் கதிர்வேலு பின் சக்கரத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்து அந்த வெற்று ஓட்டையைத் தடவிப் பார்த்தார். தினமும் விடியுமுன் அதே ரோட்டில் போகிறவர். இந்த ஜனங்களுக்கு ஒன்றும் ஆகாமல் இருந்ததே, அதற்கு எந்தச் சாமிக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை. எல்லாச் சாமிக்கும் சொல்லி வைத்தேன்.

சிவகாமி பேசவில்லை. நான் ஆஸ்பத்திரிக்குப் போனால் அவள் வராண்டாவுக்குப் போய்விடுகிறாள்.

ஜூலை 7, திங்கள்

இருபத்திரண்டு வண்டி வந்து சேர்ந்தது. ஒன்று ஈரோட்டுக்கு விற்றுப் போய்விட்டது. வாங்கினவரிடம் போனில் பேசி மாட்டச் சொல்லி போட்டோவும் வாங்கிவிட்டேன்.

மேடம் சாயங்காலம் ஆறரைக்கு வரச் சொல்லியிருந்தார். வெளிச்சத்தில் பார்த்தால் என்ன தெரியும் என்றார். மைதானத்தில் எல்லா வண்டியையும் முதுகைக் காட்டி வரிசையாக நிறுத்தினோம். இருட்டு கட்டும் நேரத்தில் ஆபீஸ் ஜீப்பைத் தூரத்தில் கொண்டுபோய் நிறுத்தி ஹெட்லைட்டைப் போட்டார்கள்.

ஒரே நேரத்தில் இருபத்திரண்டு சிவப்பும் எரிந்தது. வண்டியோ ஆளோ தெரியவில்லை, அவைதான் தெரிந்தன. முப்பது வருஷமாக இந்தச் சாமானைக் கையில் எடுக்கிறேன், இது என்ன வேலை செய்யும் என்பதைப் பின்னால் வருகிறவன் இடத்தில் நின்று ஒருநாளும் பார்த்ததில்லை. பக்கத்தில் நின்ற கதிர்வேலு என் தோளில் கையைப் போட்டார். அழுதுவிட்டேன். எழுதுவதற்கு வெட்கமில்லை.

மாயழகு போன் பண்ணினார். லைசென்ஸ் விஷயம் இன்னும் முடியவில்லை, ஆனால் எதனால் கண்ணுக்குத் தெரியவில்லை என்பது அறிக்கையில் வந்துவிட்டதால் கொஞ்சம் மூச்சு விட முடிகிறதாம். பையன் பரீட்சையில் பாஸ் என்றும் சொன்னார். மேடம் மேல் விசாரணை உண்டு. எனக்கும் நோட்டீஸ் வரும். வரட்டும்.

ஜூலை 13, ஞாயிறு

மாப்பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டார். ஆம்புலன்சிலிருந்து இறக்க நானும் ஒரு பக்கம் பிடித்தேன். சிவகாமி மறுபக்கம் பிடித்தாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடி நோம்பி, தங்கை வீட்டுக்குச் சீர் கொண்டுபோகிற நாள். போகலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து நாலுதரம் சட்டையைப் போட்டுக் கழற்றினேன். எழுந்து போகச் சொல்லி வீட்டுக்காரி சத்தம் போட்ட பிறகு, சேலை, பழம், பூ எடுத்துக்கொண்டு போனேன்.

மாப்பிள்ளை வாக்கரைப் பிடித்து நடு வீட்டில் ஆறு அடி நடந்து காட்டினார். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து, சமையலறையைப் பார்த்துக் கச்சாயப் பலகாரத்துக்கு மாவு இளகிவிட்டது என்று அங்கிருந்தே கட்டளை போட்டார். சிவகாமி வந்து தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். காப்பி அவள் மகள் யாழினி கையில் வந்தது. சர்க்கரை என் அளவுக்குச் சரியாக இருந்தது. யாழினிக்கு அந்த அளவு தெரியாது.

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையில் ஷட்டரைத் தூக்கினபோது சிவகாமி நின்றிருந்தாள். கூடவே அவள் ஸ்கூட்டர். ஒன்றரை மாதமாக இதைப் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வேறு கடையில் விட்டு வந்தாள் என்று எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன்.

"யாழினிக்கு நாளைக்குக் காலேஜ் தொறக்கறாங்க. இதுலதான் போறா. வர்றப்ப இருட்டாயிரும்" என்றாள். சாவியை என்னிடம் நீட்டினாள். "பாத்து வெய்யுங்கண்ணா."

பஸ் ஏறிப் போய்விட்டாள்.

வேறு வண்டி எதையும் இன்று தொடவில்லை. வந்தவர்களை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினேன். பிரேக் ஷூ இரண்டையும் மாற்றினேன், பின் டயர் பாதிதான் தேய்ந்திருந்தது, அதையும் மாற்றினேன். சாப்பிடப் போகவில்லை. ரிஃப்ளெக்டர் புதுசு போட்டேன், போல்ட்டை இறுக்கி, கையால் அசைத்து, மறுபடி இறுக்கினேன். மத்தியானம் கடைக்குள் ஷட்டரைப் பாதி இறக்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். நாலு மணிக்கு இன்னொரு தரம் பார்த்தேன்.

ஐந்தரைக்கு அம்மாவும் மகளும் வந்தார்கள். சிவகாமி பின்னால் போய்க் குனிந்து பார்ப்பாள், பார்க்கட்டும் என்று துணியை எடுத்துத் துடைத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். அவள் பார்க்கவில்லை. என் கையிலிருந்து சாவியை வாங்கி மகளிடம் கொடுத்து, ஓட்டச் சொல்லிவிட்டு, பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.